பேசாதேங்கோ

1

என் மாமனாரும் மாமியாரும் கோயம்புத்தூரிலிருந்து வந்து எங்களோடு பன்னிரண்டு நாள் தங்கினார்கள். நாங்கள் திருகோணமலைக்குக் குடிவந்து பதினொரு வருடம் நிறைந்ததைக் கொண்டாட வந்ததாகச் சொன்னார்கள். அது பொய். உண்மையான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தபோது அவர்களைக் கிழித்துத் தொங்கவிடுவதுதான் என் நோக்கமாக இருந்தது. அதற்கு வேண்டிய சரக்கும் தாராளமாக இருக்கிறது. முதலில் அதைக் கொட்டிவிடுகிறேன்.

மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது. வணிகவரித் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற சங்கதி துறைக்குத் தெரியும். அவருக்கு இன்னும் தெரியாது. இப்போது தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். லிஃப்டில் ஒட்டும் அறிவிப்புகளில் அறிவிப்பைவிட அவருடைய கையெழுத்து பெரிதாக இருக்கும். அத்தை, மாமாவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ‘ஆமாங்க’ போடும் உத்தியோகத்தில் நாற்பத்தைந்து வருடமாக இருக்கிறார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து இங்கே வர ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரமும் மாமா வேனின் முன்சீட்டில் அமர்ந்து ஒரு நாட்டையே தணிக்கை செய்தார். “இதுங்களா மாப்ள மெயின் ரோடு? எங்கூர்ல காட்டுக்குப் போற தடம் இதைவிட அகலமுங்க.”

“ஆமாங்க,” என்றார் அத்தை.

பெட்டிகளைத் திறந்தோம். பொன்னி அரிசி, துவரம்பருப்பு, பெருங்காயம், காப்பித்தூள், குக்கருக்கு மூன்று கேஸ்கெட். தீவில் நல்ல ரப்பர் கிடைக்காது என்று யாரோ சொன்னார்களாம். மலை மலையாக ரப்பர் தோட்டம் போட்டிருக்கும் நாடு இது. நான் கேஸ்கெட்டுகளை அலுமாரியில் வைத்தேன்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் மட்டும் மாமாவைவிட மேலானவர்களா என்ன? தீவு என்றதும் உங்களுக்குத் தென்னை மரமும் ஊஞ்சலும் தோன்றுகிறது. ‘தினமும் கடலுக்குப் போவீங்களா?’ என்று கேட்கிறீர்கள். எனக்குத் தீவு என்றால் விசா. வருடத்துக்கு ஒருமுறை கொழும்புக்குப் போய், நான் இன்னும் நான்தான் என்று நிரூபித்துவிட்டு வருகிறேன். படிவத்தில் ‘தங்குவதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. மிகச் சிறிய கட்டம். ‘வேலை’ என்று எழுதினாலே நிரம்பிவிடும்.

2

வேலை என்பது துறைமுகத்தில் சரக்கு இறக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பது. உள்துறைமுகத்தைப் பார்த்த சரிவில் வாடகை வீடு. வந்தபோது மகள் இனியாவுக்கு நான்கு வயது. நானும் மனைவி மைதிலியும் ஊரிலிருந்து கொண்டுவந்த தமிழை ஊறுகாய் மாதிரிப் பத்திரமாக மூடி வைத்துக்கொண்டோம். இனியா இந்த ஊர்த் தமிழைக் குடித்து வளர்ந்தாள்.

குடிக்கக் கொடுத்தது அடுத்த வீடு. குகதாசன், அவர் மனைவி வசந்தி அக்கா, இனியாவின் வயதிலேயே அவர்களுக்கு ஒரு மகள், தர்ஷி. குகன் அண்ணை கச்சேரியில் எழுதுவினைஞர், அதாவது குமாஸ்தா. இங்கே கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம். காணிப் பகுதியில் உட்கார்ந்து, யாருடைய வேலி யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருப்பவர்.

நாடு முழுவதும் வரிசையில் நின்ற அந்தக் காலத்தை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்து உச்சுக் கொட்டியிருப்பீர்கள். எரிவாயு சிலிண்டருக்கு ஊரே விடியுமுன் போய் நிற்கும். நான் வரிசையில் நிற்கப் பிறந்தவன் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன். குகன் அண்ணை தன் சைக்கிளில் இரண்டு வெற்றுச் சிலிண்டர்களைக் கட்டிக்கொண்டு போவார். ஒன்று அவர்களுடையது, ஒன்று எங்களுடையது. ஒருமுறை இரண்டு நாள் நின்றும் ஒன்றுதான் கிடைத்தது. அதைக் கொண்டுவந்து எங்கள் குசினியில் வைத்தார். அவர்கள் வீட்டுப் பின்வளவில் வசந்தி அக்கா விறகு மூட்டினார்.

“உங்களுக்கு விறகு பத்தவைக்கத் தெரியாது தம்பி. எங்களுக்குப் பழக்கம்தானே,” என்றார் குகன் அண்ணை.

நன்றி சொன்னேன் என்றுதான் நினைவு.

3

மாமா வந்த மறுநாளே வசந்தி அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். “களைச்சுப்போய் வந்திருப்பியள். ஆறுதலா இருங்கோ அம்மா, பிறகு வந்து கதைக்கிறன்,” என்றார். நிதானமாக ஓய்வெடுங்கள் என்று பொருள். அவர் போனதும் மாமா என்னைத் தனியே அழைத்தார்.

“ஆறுதல் சொல்றாங்களே, யாருங்க தவறிட்டாங்க?”

இப்படியே போயிற்று. இனியாவிடம் அவர் நடத்திய விசாரணைகள் இன்னும் மோசம். “சாப்பிட்டயா கண்ணு?” என்பார். “ஓம் அப்புச்சி,” என்பாள். தாயின் தகப்பனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். அவளிடம் மிஞ்சியிருந்த கோயம்புத்தூர் அந்த ஒரு சொல்தான். “ஓமா? என்ன, மந்திரமா சொல்றே? இன்னொரு தோசை போட்டுக்கோ.” “ஏலாது அப்புச்சி.” “யாரு இங்க ஏலம் விடறாங்க?” மாமா தன் பகிடிக்குத் தானே சிரிப்பார். அத்தை ‘ஆமாங்க’ என்பார்.

மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டில் விஷயம் வெளியே வந்தது. “புள்ளைய நாங்க கூட்டிட்டுப் போறமுங்க மாப்ள. ஸ்கூல்ல சொல்லி வெச்சாச்சு. நம்ம வீட்லயே இருந்து படிக்கட்டும்.”

மைதிலி சட்னிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு மாதமாகத் தெரியுமாம். எனக்குத்தான் தெரியாது.

“நான் வரேல்ல,” என்றாள் இனியா. “எனக்கு எல்லாரும் இஞ்சதான்.”

“யாரு இருக்கறாங்க இங்க உனக்கு?” மாமா என் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்க மாப்ள. பதினோரு வருசத்துல நாலு பெரிய மனுசங்க பழக்கம் உங்களுக்கு உண்டுங்களா? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பாங்க?”

‘அடுத்த வீட்டுக்காரர் நிற்பார், நின்றிருக்கிறார்’ என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை, போதுமானதும்கூட. ஆனால் ஓர் எழுதுவினைஞரின் பெயரைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. “அடுத்த வீட்ல இருக்கறவரே பெரிய ஆள்தான் மாமா. கச்சேரியில இருக்கார்,” என்றேன்.

“வாய்ப்பாட்டுங்களா, வயலினா?”

“மாவட்டச் செயலகம் மாமா. கலெக்டர் ஆபீஸ் மாதிரி. இந்த மாவட்டத்து நிலமெல்லாம் அவர் கையெழுத்துலதான் ஓடுது.”

மாமா முதல்முறையாக என்னை மதிப்போடு பார்த்தார். இனியாவும் பார்த்தாள்; அது வேறு பார்வை. எழுந்து பள்ளிக்குப் போய்விட்டாள்.

“அப்படீன்னா அவரைப் பார்த்துட்டுத்தான் போகோணும்,” என்றார் மாமா. ஆனால் அந்த வாரம் குகன் அண்ணை கண்ணில் படவே இல்லை. வசந்தி அக்காவிடம் கேட்டதற்கு, “அவருக்கு இப்ப பின்னேரத்திலயும் வேலை,” என்று சொல்லிக் கதையை மாற்றினார். பெரிய அதிகாரிக்கு நேரமில்லாததில் மாமாவுக்குத் திருப்தி.

4

இனியாவின் விஷயத்தை “ஒரு நல்ல ஹோட்டல்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே முடிவு பண்ணிக்கலாம்” என்றார் மாமா. எட்டாம் நாள் சனிக்கிழமை. நிலாவெளிக்குப் போனோம்.

அந்த ஹோட்டலின் பெயர் வேண்டாம். கடலோரத்தில் அப்படிப் பல. கூரை ஓலை வேய்ந்ததுபோல் இருக்கும், தொட்டால் பிளாஸ்டிக். சுவரில் அலங்காரத்துக்கு வலை மாட்டியிருக்கும். இருநூறு அடி தள்ளி உண்மையான கரைவலையை உண்மையான ஆட்கள் இழுத்துக்கொண்டிருப்பார்கள். விருந்தாளிகள் அவர்களைப் பார்த்துவிடாதபடி செடிகளை வளர்த்து மறைத்திருக்கிறார்கள். வெயிலில் வெந்து சிவந்த ஐரோப்பியர்கள் இளநீரைக் கோப்பையில் ஊற்றி, அதில் காகிதக் குடை குத்திக் குடித்தார்கள்.

மணி ஐந்தரைதான். மாமா மாத்திரை போடுகிறவர், ஆறு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அத்தைக்குக் கடலில் கால் நனைக்க ஆசை. மைதிலியும் இனியாவும் அவரைக் கைப்பிடித்து மணலில் கூட்டிப் போனார்கள். நானும் மாமாவும் மேசையில் உட்கார்ந்தோம்.

மெனுவோடு வந்தவர் குகன் அண்ணை.

வெள்ளைச் சட்டை, கறுப்பு வெயிஸ்கோட், மார்பில் பெயர் எழுதிய தகடு. என்னைக் கண்டதும் அவர் முகம் திடுக்கிட்டது. அடுத்த கணமே மலர்ந்தது. “அட, தம்பி—” என்று தொடங்கினார்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். நான் மெனுவுக்குள் தலையைக் குனிந்துகொண்டேன்.

“தண்ணி கொண்டாங்க,” என்றேன்.

ஒரு கணம் நின்றார். பிறகு, “ஓம் சேர்,” என்றார்.

அவருடைய மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்குள்ளிருந்து ஒரு வக்கீல் அப்போதே எழுந்து வாதாடத் தொடங்கிவிட்டார். கெட்டிக்கார வக்கீல். தண்ணீர் வருவதற்குள் நான் விடுதலை.

“சுத்த சைவமா என்னங்க இருக்கு?” என்று மாமா கேட்டார்.

“இடியப்பம் இருக்கு ஐயா. சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல். மரக்கறி ஆக்களுக்கு எண்டு குசினியில சொல்லிவிடுறன்.”

மாமா பிறவிச் சைவம். அவர் குடும்பத்தில் முட்டை வாசலைத் தாண்டியதில்லை. தட்டு வந்தது. இடியப்பத்தைச் சொதியில் நனைத்து, தேங்காய்ச் சம்பலைத் தொட்டு இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயில் நின்றார். நாக்கிலிருந்து மரச்செதில் போன்ற ஒன்றை விரலால் எடுத்தார்.

“இதென்னங்க?”

குகன் அண்ணை குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. “மாசி ஐயா. மாசி போடாத சம்பல்தான் கேட்டனான். குசினியில மாறிப்போச்சு.”

“மாசின்னா?”

“கருவாடு ஐயா.”

மாமா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். தண்ணீரை வாயில் ஊற்றிப் பக்கத்துப் பூந்தொட்டியில் கொப்பளித்துத் துப்பினார். “கருவாடுங்களா? எழுபத்திரண்டு வருசம்! கூப்பிடுங்க மேனேஜரை. அவர்கிட்ட நான் பேசணும்.”

இங்கே ஒரு விளக்கம் தேவை. இந்த ஊரில் நாம் ‘பேசுகிற’ எதையும் இவர்கள் ‘கதைப்பார்கள்’. பேசுவது என்றால் திட்டுவது. அம்மா பேசுவா என்று ஒரு குழந்தை அழுதால், அடி விழுமுன் விழும் ஏச்சுக்கு அழுகிறது என்று பொருள். ஆக, மேனேஜர் முன்னால் தன்னைத் திட்டித் தீர்க்கப்போகிறார் என்றுதான் குகன் அண்ணை புரிந்துகொண்டார். தாழ்ந்த குரலில் கெஞ்சினார்.

“பேசாதேங்கோ ஐயா. நான் மாத்தித் தாறன். பேசாதேங்கோ.”

மாமாவுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

“பேசாதேங்கறயா? என் வாயில கருவாட்டைப் போட்டுட்டு, என்னையே வாயை மூடுங்கறயா? தட்டுத் தூக்கற பயலுக்கு இவ்வளவு திமிரா?”

ஹோட்டலே திரும்பிப் பார்த்தது. அந்த மேசையில் இரண்டு தமிழும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ‘திட்டாதீங்கன்னு சொல்றார் மாமா.’ அவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். குகன் அண்ணை என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று என் வக்கீல் இன்றைக்கும் சொல்கிறார். நான் மடியிலிருந்த துணியை எடுத்து நான்காக மடித்தேன்.

மேனேஜர் வந்தான். குகன் அண்ணையின் வயதில் பாதி இருப்பான். “என்ட பிழைதான் சேர்,” என்றார் குகன் அண்ணை அவனிடம்.

அப்போதுதான் பாவாடை ஓரம் நனைந்து இனியா ஓடிவந்தாள்.

“குகன் மாமா!”

அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரக்கை. அவர் சிரிக்கப் பார்த்தார். மாமாவின் முகத்தை, தட்டை, மேனேஜரை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கெட்டிக்காரி.

“அப்புச்சி, இவர் உங்களை என்ன சொன்னவர்?”

“பேசாதேங்கறான் கண்ணு!”

“பேசாதேங்கோ எண்டால் திட்டாதீங்க எண்டு அர்த்தம், அப்புச்சி. இவர் எங்கட மாமா. அடுத்த வீடு.”

“அடுத்த வீடா?” மாமா திரும்பி என்னைப் பார்த்தார். “கச்சேரின்னு…”

“ஓம் ஐயா, கச்சேரியிலதான் எழுதுவினைஞரா இருக்கிறன்,” என்றார் குகன் அண்ணை. வெட்கப்படாமல், சாதாரணமாகச் சொன்னார். “பகலில அங்க. சம்பளம் காணாது. அதால பின்னேரத்தில இஞ்ச.”

இனியா என் பக்கம் திரும்பினாள். “அப்பா, நீங்கள் அப்புச்சிக்குச் சொல்லேல்லையோ? குகன் மாமாவை நீங்கள் காணேல்லையோ?”

“வெளிச்சம் பத்தலம்மா. கவனிக்கல,” என்றேன். வெயில் இன்னும் மேசைமேல் கிடந்தது.

“ஓம் பிள்ளை,” என்றார் குகன் அண்ணை உடனே. “அப்பா என்னைக் காணேல்ல.”

என்னை அவர் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஊர்த் தமிழிலும் சரி, நம் தமிழிலும் சரி.

அடுத்து நடந்ததை எழுத எனக்கு விருப்பமில்லை. என் மாமனாரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும்படி ஆகிறது. அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். லிஃப்டில் கையெழுத்துப் போடும் அதே கைகள்.

“மன்னிச்சுக்குங்க. பாஷை புரியாம வாய் விட்டுட்டனுங்க. எம் பேத்தி மாமான்னு ஓடி வர்ற மனுசனைப் போயி… மன்னிச்சுக்குங்க.” மேனேஜரிடம் திரும்பி, “இவர் மேல ஒரு தப்பும் இல்லீங்க தம்பி. எனக்கு ஒரு புகாரும் இல்லை,” என்றார். பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார். “உக்காருங்க.”

“ஏலாது ஐயா, வேலையில நிக்கிறன். சாப்பிடுங்கோ. நான் வேற சம்பல் கொண்டாறன்.”

அவர் போனபிறகு மாமா உட்கார்ந்தார். என்னிடம் கோபமாகப் பேசவில்லை. “தெரிஞ்சவருன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா மாப்ள?” என்று மட்டும் கேட்டார். மாசி இல்லாத புதுச் சம்பலை ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். எதற்காக வந்தோமோ அந்த முடிவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

5

மறுநாள் காலை மாமாவும் அத்தையும் குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ஒரு மணி நேரம் இருந்தார்கள். வசந்தி அக்கா அவித்த புட்டைச் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார்கள். பன்னிரண்டு நாளில் அத்தை தானாகச் சொன்ன முழு வாக்கியம் அன்றைக்குத்தான் வந்தது. “நல்ல சனங்க. நீங்களும் வந்திருக்கலாமுங்க மாப்ள.”

நான் நாற்காலியில் உட்கார்ந்து பழைய பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை இனியா என் முன்னால் வந்து நின்றாள். “நான் அப்புச்சியோட போறன்.”

“நீதானே வரமாட்டேன்னு சொன்னே? உனக்கு எல்லாரும் இங்கதானே இருக்காங்க?”

“ஓம்.”

“அப்புறம்?”

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதிருந்தால் சமாதானப்படுத்தத் தெரியும். “அப்புச்சி தெரியாமப் பேசினவர். உங்களுக்குத் தெரியும் அப்பா. இஞ்ச இருந்து ஒவ்வொரு நாளும் உங்களைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது,” என்றாள்.

மைதிலியிடம் முறையிட்டேன். பதினைந்து வயதுப் பெண், ஒரு சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறாள் என்றேன். மைதிலி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அவளுக்குப் போறதுக்குப் பாதி மனசு இருந்துச்சுங்க. மீதிப் பாதியை நீங்க குடுத்தீங்க,” என்றாள்.

புறப்படுவதற்கு முன் பள்ளி விடுகைப் பத்திரம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, அதற்கு ஒரு முத்திரை, அந்த முத்திரையை உறுதிப்படுத்த இன்னொரு முத்திரை என்று காகிதங்கள் தேவைப்பட்டன. நான் இரண்டு நாள் லீவு போட்டு அலைந்து ஒன்றும் நகராமல் வந்தேன். மூன்றாம் நாள் குகன் அண்ணை எங்கள் வாசலில் நின்றார். கையில் ஒரு கோப்பு.

“பிள்ளையின்ட அலுவல் எல்லாம் முடிஞ்சுது தம்பி. ஒருக்காச் சரிபாருங்கோ.”

வாங்கிக்கொண்டேன். உள்ளே வரச் சொன்னேன். கச்சேரிக்கு நேரமாச்சு என்றார். சைக்கிளில் காலை வைத்தபோது எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

“குகன் அண்ணை, அன்னைக்கு ஹோட்டல்ல…”

“எந்த ஹோட்டல்?” என்றார்.

கோபம் இல்லை. கிண்டலும் இல்லை. உண்மையிலேயே தெரியாதவர்போல் என் முகத்தைப் பார்த்தார். நான் பதில் சொல்வதற்காகக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, “வாறன் தம்பி,” என்று மிதித்துப் போனார்.

6

இனியா போய் நான்கு மாதம் ஆகிறது. மாமாவை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. வீடியோவில் வந்து, இனியா வாரத்தேர்வில் வாங்கிய மார்க்கை நிறுத்தி நிதானமாக வாசிக்கிறார். பின்னாலிருந்து அத்தை ‘ஆமாங்க’ என்கிறார். அவரைப் பற்றி இந்த மாதிரி இன்னும் பத்துப் பக்கம் என்னால் எழுத முடியும். முன்பு அது எனக்குச் சுகமாக இருந்தது. இப்போது பாதியில் நிறுத்திவிடுகிறேன்.

ஞாயிறு காலையில் இனியா எங்களைக் கூப்பிடுவாள். முதலில் அம்மாவிடம். பிறகு என்னிடம்: “சாப்பிட்டீங்களாப்பா? நல்லா இருக்கீங்களா?” அவளுடைய தமிழ் மாறிவிட்டது. ஓம் இல்லை, ஏலாது இல்லை. சுத்தமான கோயம்புத்தூர். மரியாதையான, குறை சொல்ல இடமில்லாத தமிழ். நலம் விசாரித்து முடிந்ததும் எங்கள் இருவருக்கும் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. நான் மழையைப் பற்றிச் சொல்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் வாகை மரத்தடியில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். தர்ஷி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். வசந்தி அக்கா ஏதோ கேட்டார். போனுக்குள்ளிருந்து ஒரு குரல், “ஐயோ மாமி, பகிடி விடாதேங்கோ! இஞ்ச என்னைக் கதைக்க விடுகினமே? வாயைத் திறந்தாலே எல்லாரும் சிரிக்கினம். உங்களோட மட்டும்தான் நான் கதைக்கிறன்,” என்றது. குகன் அண்ணை உரக்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டுக் கனகாலம்.

துணியைக் கையில் பிடித்தபடி, அவள் போனை வைக்கும்வரை அங்கேயே நின்றேன்.